புது பேஸ்பால் கார்டு பெட்டியைப் பிரிக்கும்போது எதைத் தேடுகிறோம்?

குவீன்ஸ்காரன்:

2025 டாப்ஸ் ஹெரிட்டேஜ் பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்தேன். அதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

ஹெரிட்டேஜ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஆட்டக்காரரின் படமும் ஆட்டக் கணக்கும் உள்ள கார்டுகளை அச்சடிக்கும் டாப்ஸ் நிறுவனம் 2001இல் தொடங்கிய வரிசை இது. இன்றைய ஆட்டக்காரர்களை 49 ஆண்டுக்கு முந்தைய கார்டு வடிவத்தில் அச்சடிக்கிறார்கள். முதல் ஹெரிட்டேஜ் 1952 வடிவத்தில் வந்தது. 2025இல் 1976 வடிவம். கீழே இரண்டு வண்ணப் பட்டைகள், இடது மூலையில் அந்த ஆட்டக்காரர் ஆடும் இடத்தைக் காட்டும் குட்டி ஓவியம். பிட்சர் என்றால் பந்து வீசும் உருவம், கேட்சர் என்றால் குந்தியிருக்கும் உருவம். அந்தச் சட்டத்துக்குள் இன்றைய நட்சத்திரங்களான ஆரன் ஜட்ஜும் ஒட்டானியும் நிற்கிறார்கள்.

1976இல் நான் பிறக்கவே இல்லை. என் கார்டு காலம் 1986, 87தான். ஆகவே இந்த வடிவம் எனக்குப் பழைய நினைவே கிடையாது. கடைகளில் அந்த வடிவத்தை நான் பார்த்ததும் இல்லை. ஆனாலும் பெட்டியைப் பிரித்து, கார்டுகளைத் தரையில் பரப்பி, எண்வாரியாக அடுக்க உட்கார்ந்ததும் பத்து வயதுப் பையனின் சந்தோஷம் அப்படியே வந்துவிட்டது. விலை உயர்ந்த கார்டு ஒன்றும் வரவில்லை. எல்லாம் சாதாரண கார்டுகள். அப்படியானால் அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது? வடிவமா, புது அட்டையின் வாசனையா, பாக்கெட்டைக் கிழிப்பதா, வேறு ஏதாவதா?

அந்தக் காலத்தில் சேர்த்தவர்களும், இப்போது பிள்ளைகளுக்காக வாங்குபவர்களும் சொல்லுங்கள்.

மரச்சட்டம்87:

அண்ணா, பழைய நினைவுதான் வேண்டும் என்றால் பழைய பெட்டியையே பிரித்துவிடலாமே! புதுப் பெட்டிக்குப் பழைய சட்டை எதற்கு?

நான் அதைத்தான் செய்கிறேன். 1987 டாப்ஸ், பிரிக்காத பெட்டி, இன்றும் கிடைக்கிறது. கார்டுக் கடைகளில் விற்கும் புது 'ஹாபி' பெட்டியைவிட மலிவாகவே கிடைக்கும். 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் எல்லாரும் "பிள்ளைகள் காலேஜ் படிப்புக்கு ஆகும்" என்று பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்தார்கள். எல்லாரும் பூட்டி வைத்ததால் எதுவும் அரிதாகவில்லை. பணத்துக்காகப் பார்த்தவர்களுக்கு அது நஷ்டம். நம்மைப் போன்றவர்களுக்கு வரம்.

ஒரு பெட்டியில் 36 பாக்கெட், ஒரு பாக்கெட்டில் 17 கார்டு, கூடவே ஒரு பபிள்கம் பட்டை. மரப்பலகை போன்ற சட்டம், மூலையில் வட்டத்துக்குள் அணியின் சின்னம். பைரேட்ஸ் சட்டையில் ஒல்லியான பேரி பாண்ட்ஸ், ஓக்லண்ட் சட்டையில் மார்க் மக்வயர், போ ஜாக்சனின் 'ஃப்யூச்சர் ஸ்டார்ஸ்' கார்டு, தங்கக் கோப்பைச் சின்னத்தோடு ஹோசே கன்செக்கோ. இந்த நட்சத்திரங்களின் கார்டெல்லாம் ஒரே பெட்டியில் வர வாய்ப்பு உண்டு.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அந்த கம்மை வாயில் வைக்காதீர்கள், தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். கம் பட்ட கார்டில் கறை இருக்கும், அது போகாது. பாக்கெட்டின் மெழுகுத் தாள் பட்டு, கடைசிக் கார்டின் மறுபக்கத்தில் மெழுகு ஒட்டியிருக்கும். அதைப் பெண்கள் அணியும் நைலான் ஸ்டாக்கிங் துணியால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும், பழைய சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. முக்கியமாக ஏமாறாதீர்கள். மெழுகுத் தாள் பாக்கெட்டைச் சூடு காட்டிப் பிரித்து, நல்ல கார்டை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டி விற்பவர்கள் உண்டு. பெட்டியைச் சோதித்து, மேலே தங்கள் உறை போட்டு விற்பவர்களிடம் வாங்குவது பாதுகாப்பு. இண்டியானாவில் உள்ள பேஸ்பால் கார்டு எக்ஸ்சேஞ்ச் இதில் பேர் பெற்ற இடம்.

ஓஹியோ கணக்கர்:

இரண்டு பேரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கருத்து வேறு.

பிடித்த கார்டு எதுவோ அதைத் தனியாக வாங்குங்கள். பெட்டி வாங்காதீர்கள். புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே வந்த எல்லாக் கார்டுகளையும் அன்றைய சந்தை விலைக்கு விற்றால், பெரும்பாலான பெட்டிகளில் போட்ட காசு திரும்பாது. அரிய கார்டு எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று வரும் என்று நிறுவனமே பொடி எழுத்தில் வெளியிடுகிறது. அதை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. இணையத்தில் நேரலையில் ஒருவர் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறார், பார்ப்பவர்கள் ஆளுக்கொரு அணிக்குப் பணம் கட்டுகிறார்கள். தன் அணியின் கார்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் காசு போச்சு. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து கட்டுபவர்களை எனக்குத் தெரியும். "சின்ன வயசு ஞாபகம்" என்றுதான் அவர்களும் ஆரம்பித்தார்கள். என் உறவில் ஒரு பையன் வீட்டு வாடகைப் பணத்தை இதில் விட்டான். ஆகவே பெட்டியைப் பற்றி இவ்வளவு பாசமாகப் பேசும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

எடிசன் அம்மா:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் 2011இல் திருச்சியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவள். எனக்குக் கார்டு ஞாபகம் எதுவும் இல்லை. என் மகனுக்குப் பத்து வயது, லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் ஆடுகிறான், கார்டு என்றால் உயிர்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த ஆட்டம் புரிந்ததே கார்டுகளின் பின்பக்கத்தால்தான். ஆர்.பி.ஐ., இ.ஆர்.ஏ. எல்லாம் என்ன என்று அவனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பாக்கெட்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பிட்சர் குமார் ராக்கரின் ரூக்கி (அறிமுக ஆண்டு) கார்டு வந்தது. அவருடைய அம்மா இந்திய வம்சாவளி, தாத்தா பாட்டி ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்று படித்துவிட்டு அன்று முழுக்க அந்தக் கார்டைப் பற்றியே பேசினோம்.

ஆனால் ஒரு விஷயம் என்னைச் சங்கடப்படுத்துகிறது. பாக்கெட்டைக் கிழித்ததும் அவன் கார்டுகளைப் பார்ப்பதே இல்லை. மினுமினுப்பு இருக்கிறதா, இத்தனை பிரதியில் இத்தனையாவது என்று எண் போட்டிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று சரசரவென்று தள்ளுகிறான். இல்லையென்றால் "ஒண்ணும் இல்லம்மா" என்று மொத்தத்தையும் அப்படியே போட்டுவிடுகிறான். கையில் பத்துப் பேரின் படம் இருக்கிறது, பின்னால் அவர்களின் ஆட்டக் கணக்கு முழுக்க இருக்கிறது. அதை "ஒண்ணும் இல்ல" என்கிறான்.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிட்சர் பால் ஸ்கீன்ஸின் கார்டுக் கதை தெரியும். 2024 கிறிஸ்துமஸுக்குப் பரிசாக வந்த கார்டுகளில், லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் 11 வயதுப் பையனுக்கு ஸ்கீன்ஸின் முதல் ஆட்டச் சட்டையில் இருந்த ஒட்டுச்சின்னத்தோடு ஒரே ஒரு பிரதி உள்ள கார்டு வந்தது. அது ஏலத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தப் பையனுக்கு நல்லது நடந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு என் மகனுக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் தோற்றுப்போன பாக்கெட்டாகவே தெரிகிறது. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

குவீன்ஸ்காரன்:

அக்கா, நான் கேட்ட கேள்விக்கான பதில் உங்கள் பதிவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987இல் ஒரு பாக்கெட்டில் 'ஒன்றும் இல்லை' என்ற நிலையே கிடையாது. மினுமினுப்பு இல்லை, பிரதி எண் இல்லை, கையெழுத்து இல்லை. 792 கார்டு கொண்ட செட். மெட்ஸ் நட்சத்திரம் டாரில் ஸ்ட்ராபெரியின் கார்டும், பெயர் தெரியாத மாற்று ஆட்டக்காரரின் கார்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அச்சானது. எது நல்ல கார்டு என்பதை நாங்கள்தான் முடிவு செய்தோம். எங்கள் தெருவில் அது எங்கள் ஊர் அணியான மெட்ஸின் கார்டு. ஏனென்றால் 1986 அக்டோபரில் மெட்ஸ் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை ஜெயித்திருந்தது. எதிரணியான பாஸ்டனின் பில் பக்னர் காலுக்கு நடுவே மூக்கி வில்சன் அடித்த பந்து உருண்டு போன ஆறாவது ஆட்டத்தின்போது மெட்ஸ் மைதானமான ஷே ஸ்டேடியத்தின் ஆரவாரம் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கேட்டது. அடுத்த ஆண்டு கார்டின் பின்பக்கத்தில் அந்த 1986 கணக்குதான் கடைசி வரி. அதைப் படிக்கப் படிக்க ஜெயித்த வருடம் மறுபடி ஓடும்.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போவோம். பெரியவர்கள் உள்ளே அர்ச்சனைக்கு நிற்பார்கள், நாங்கள் தமிழ்ப் பையன்களும் தெலுங்குப் பையன்களும் பௌன் தெருப் பக்கம் படியில் உட்கார்ந்து கார்டு மாற்றுவோம். மெட்ஸ் கேட்சர் கேரி கார்ட்டர் ஒன்றுக்கு மூன்று யாங்கீஸ் கார்டு கேட்பான் ஒருவன். கொடுப்போம். பேரம் பேசத் தெரிந்தவன் பின்பக்கத்தைப் படித்தவன்தான். "போன வருஷம் இவன் எத்தனை ஹோம் ரன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். எங்கள் அப்பா அம்மா யாருக்கும் இந்த ஆட்டம் தெரியாது, யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மில்வாக்கி எங்கே இருக்கிறது, ஆர்லிங்டன் எந்த மாநிலம் என்பதைக்கூட கார்டுதான் சொல்லிக்கொடுத்தது.

அதெல்லாம் மாறியது 1989, 90இல். 1989இல் அப்பர் டெக் என்ற புது நிறுவனத்தின் கார்டு வந்தது. வழவழப்பான வெள்ளை அட்டை, போலி செய்ய முடியாதபடி ஹாலோகிராம், மறுபடி ஒட்ட முடியாத ஃபாயில் உறை. முதல் எண் கார்டு கென் கிரிஃபி ஜூனியர். இன்னும் மேஜர் லீக் எனும் உச்ச லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு ஒன்றாம் எண் கொடுத்தார்கள், அவன் அதைப் பொய்யாக்கவில்லை. அந்தக் கார்டை நான் இன்றும் வணங்குகிறேன் என்றே சொல்லலாம். ஆனால் 1990இல் அதே நிறுவனம் பழைய நட்சத்திரம் ரெஜி ஜாக்சனிடம் 2,500 கார்டில் கையெழுத்து வாங்கிப் பாக்கெட்டுகளுக்குள் கலந்துவிட்டது. அன்றைக்குத்தான் பாக்கெட்டுக்குள் ஜெயிப்பும் தோற்பும் வந்தது. கையெழுத்து வராத பாக்கெட் எல்லாம் தோற்ற பாக்கெட். உங்கள் மகன் சொல்லும் "ஒண்ணும் இல்ல" அங்கிருந்து வருகிறது. அவன்மேல் தப்பே இல்லை, பெட்டியை அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஹெரிட்டேஜ் எனக்குப் பழசைத் தந்தது 1976 வடிவத்தால் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அது முழுச் செட்டையும் சேர்க்கத் தூண்டும் பெட்டி. 143 இருக்கிறது, 145 இருக்கிறது, 144 இல்லை. அந்த 144 யாராக இருந்தாலும் சரி, அவர் வேண்டும். அப்போது ஒவ்வொரு சாதாரணக் கார்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

மூன்றாம்பேஸ்:

நல்ல பதிவு. ஆனால் பழைய காலத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வெள்ளையடிக்கிறீர்கள் என்று படுகிறது.

கார்டு எப்போதுமே வேறு எதையோ விற்க வைத்த தூண்டில்தான். 1909 முதல் 1911 வரை வந்த டி206 கார்டுகள் சிகரெட் பெட்டிக்குள் வந்தவை. இன்று பல லட்சம் டாலருக்குப் போகும் ஹோனஸ் வாக்னர் கார்டு அதில் ஒன்று. டாப்ஸ் 1938இல் புரூக்ளினில் தொடங்கிய சூயிங்கம் கம்பெனி. 1952 செட்டை அங்கே வேலை செய்த சை பெர்கர், வுடி கெல்மன் என்பவரோடு சேர்ந்து, தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வடிவமைத்தார். முன்னால் அணியின் சின்னம், பின்னால் ஆட்டக் கணக்கு என்று இன்றைய கார்டின் அச்சு அங்கேதான் பிறந்தது. அதற்காக அவரை நான் மிக மதிக்கிறேன்.

ஆனால் அந்தச் செட்டிலேயே சமத்துவம் இல்லை. 407 கார்டையும் ஒரே சமயத்தில் விடவில்லை, வரிசை வரிசையாக விட்டார்கள். கடைசி வரிசை வரும்போது சீசன் முடியும் நேரம், பையன்கள் ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள், கடைக்காரர்கள் வாங்கவில்லை. 311ஆம் எண், யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேண்டில் அந்த வரிசையில்தான் இருக்கிறார். விற்காத பெட்டிகள் கிடங்கில் கிடந்து, 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டியதாகப் பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த மேண்டில் ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. 1952இல் முழுச் செட் சேர்க்க நினைத்த பையனின் நிலையை யோசியுங்கள். அவனுக்கு வேண்டிய கார்டு அவன் தெருக் கடைக்கு வரவே இல்லை.

கம்மைப் பற்றியும் ஒன்று. போட்டி நிறுவனமான ஃப்ளீர் தொடுத்த வழக்கில் 1980இல் டாப்ஸின் தனியுரிமை உடைந்தது, 1981இல் ஃப்ளீரும் டான்ரஸ் என்ற இன்னொரு நிறுவனமும் சந்தைக்கு வந்தன. அதே ஆண்டு மேல்முறையீட்டில் டாப்ஸ் ஜெயித்தது, ஆனால் அந்த உரிமை கம்மோடு சேர்ந்து விற்கும் கார்டுக்கு மட்டும்தான். உடனே ஃப்ளீர் கம்முக்குப் பதில் ஸ்டிக்கர் வைத்தது. டான்ரஸ் 1982இல் பழைய ஜாம்பவான் பேப் ரூத்தின் படத்தை 63 துண்டுகளாக்கி, பாக்கெட்டுக்கு மூன்று துண்டாகக் கொடுத்தது. அந்தப் புதிரைச் சேர்த்து முடிக்க எத்தனை பாக்கெட் வாங்கியிருப்போம்! 1992இல் டாப்ஸும் கம்மை நிறுத்தியது. கறை படிந்த கார்டு விலை போகாது என்று பெரியவர்கள் முறையிட்ட காலம் அது. இப்போது அதே டாப்ஸ், ஹெரிட்டேஜில் சில ஆண்டுகள் பின்பக்கத்தில் கம் கறை படிந்ததுபோல அச்சடித்து, அதை அரிய வகை என்று விற்றிருக்கிறது. நினைவையே அச்சடித்து விற்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை.

குவீன்ஸ்காரன்:

கறை அச்சடிப்பது எனக்கும் பிடிக்காது. அதில் உங்களோடு இருக்கிறேன். 1952 பையன் விஷயத்திலும் சரி. ஆனால் ஒரு வித்தியாசம். அவனுக்கு மேண்டில் கிடைக்கவில்லை, அதற்காகக் கையில் இருந்த மற்ற கார்டுகளை அவன் குப்பை என்று நினைக்கவில்லை. சைக்கிள் சக்கரத்தில் செருகினான், சுவரில் விசிறி ஆடினான், மாற்றினான். இன்று அந்தக் கார்டுகள் நல்ல நிலையில் கிடைக்காததற்குக் காரணமே அவை கைபட்டுத் தேய்ந்ததுதான்.

ஓஹியோ கணக்கர்:

மூன்றாம்பேஸ் சொன்னதோடு இன்னொன்றையும் சேருங்கள். 2010 முதல் மேஜர் லீக் உரிமை டாப்ஸுக்கு மட்டும். 2022 ஜனவரியில் ஃபனாடிக்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் அந்த டாப்ஸையே வாங்கிவிட்டது. அணிச் சின்னத்தோடு கார்டு வேண்டும் என்றால் இப்போது ஒரே வாசல். 2021இல் விஸ்கான்சினில் டார்கெட் கடை வாகன நிறுத்தத்தில் கார்டுக்காகக் கைகலப்பு நடந்து, அந்த நிறுவனம் நாடு முழுக்கத் தன் கடைகளில் கார்டு விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தியது நினைவிருக்கும். பெரியவர்கள் அள்ளிக்கொண்டு போனதால் பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட்கூட இல்லாத காலம் அது.

செட் சேர்ப்பதற்காகப் பெட்டி என்றால் நான் அவ்வளவாக எதிர்க்க மாட்டேன். ஒரு பெட்டி, அதோடு நிறுத்திவிட்டு மீதியை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது பெட்டியில்தான் பணம் போகத் தொடங்கும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருப்பதுதான் வரும்.

மரச்சட்டம்87:

கணக்கர் சார் சொல்வது பழைய பெட்டிக்கும் பொருந்தும். 36 பாக்கெட், 17 கார்டு என்றால் 612. செட் 792. டூப்ளிகேட்டே வராவிட்டாலும் ஒரு பெட்டியில் செட் முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

எடிசன் அக்கா, ஹெரிட்டேஜ் வாங்கினால் ஒன்று முதல் 400 வரை மட்டும் குறியாக வையுங்கள். 401 முதல் 500 வரை வேண்டுமென்றே குறைவாக அச்சடிப்பவை, அரிதாகத்தான் வரும். பத்து வயதுப் பையனுக்கு அதை இலக்காக வைத்தால் மறுபடி அதே "ஒண்ணும் இல்ல"தான். ஒன்பது அறை உள்ள பிளாஸ்டிக் பக்கங்களும் ஒரு கெட்டியான கோப்பும் வாங்குங்கள். பி.வி.சி. இல்லாத பக்கமா என்று பார்த்து வாங்குங்கள், பழைய பி.வி.சி. பக்கங்கள் வருஷம் போகப் போகக் கார்டில் ஒட்டிக்கொள்ளும்.

பாக்கெட்டை எல்லாம் ஒரே நாளில் கிழிக்க விடாதீர்கள். பிரித்த கார்டுகளை முதலில் நூறு நூறாகப் பிரித்து, அப்புறம் பத்துப் பத்தாக அடுக்கச் சொல்லுங்கள். அப்போது ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்து, திருப்பி, எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். எண் இருப்பது பின்பக்கத்தில்.

எடிசன் அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரே ஒரு ஹெரிட்டேஜ் பெட்டி வாங்கினோம். அவன் கைச்செலவுக் காசும் என் காசும் பாதிப் பாதி, இரண்டாவது கிடையாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட்தான்.

முதல் நாள் வழக்கம்போலச் சரசரவென்று தள்ளினான். எண்வாரியாக அடுக்கச் சொன்னதும் முகம் சுளித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் அவனே பக்கத்தில் எந்த அறை காலி என்று எழுதிவைக்க ஆரம்பித்தான். நேற்று ஒரு பாக்கெட்டில் தனக்குத் தெரியாத ஒரு ரிலீஃப் பிட்சரின் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) கார்டு வந்ததும் "அம்மா, இது நமக்கு இல்லாதது!" என்று கத்தினான். அந்தப் பிட்சரின் பின்பக்கத்தை முழுக்க எனக்குப் படித்துக் காட்டினான். எந்த ஊரில் பிறந்தவர், எத்தனை அணி மாறியிருக்கிறார் என்பது வரை.

மினுமினுப்பு ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்கீன்ஸ் கார்டை இன்னும் கேட்கிறான்.

ஓஹியோ கணக்கர்:

முன்கூட்டியே எல்லை போட்டீர்களே, அது மிக நல்லது. என்னிடம் ஹெரிட்டேஜில் எங்கள் ஓஹியோ அணியான கிளீவ்லாந்து தவிர மற்ற அணிக் கார்டுகள் டூப்ளிகேட்டாக இருக்கின்றன. மாமா ஒருவர் பரிசாகக் கொடுத்த பெட்டியில் வந்தவை. பையனுக்கு எது இல்லை என்று பட்டியல் போடுங்கள், அனுப்பிவிடுகிறேன். பதிலுக்கு எதுவும் வேண்டாம்.

குவீன்ஸ்காரன்:

கணக்கர் சார், பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா கொடுத்தால் அது மாற்றல் ஆகாது, பையனுக்குப் பேரம் பேசும் சுகமும் கிடைக்காது.

என்னிடமும் டூப்ளிகேட் நிறைய. கார்டை மெல்லிய உறையில் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, இரண்டு அட்டைத் துண்டுக்கு நடுவே டேப் போட்டால் சாதாரணத் தபால் உறையிலேயே பத்திரமாகப் போய்ச்சேரும். டேப் ஓரத்தை மட்டும் மடித்து விடுங்கள், பிரிக்க எளிது. முகவரியை இங்கே போடாதீர்கள் அக்கா, தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

எடிசன் அம்மா:

அவனே சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன்.

"முதலில் வேண்டியவை: 12, 37, 58, 90, 91, 144, 163, 208, 251, 252, 319, 376. என்னிடம் இரண்டு இருப்பவை: 5, 44, 71, 120, 187, 233, 300, 341. கணக்கர் அங்கிள், உங்களுக்கு கிளீவ்லாந்து பிடிக்கும் என்றால் என்னிடம் கிளீவ்லாந்து கார்டு மூன்று இருக்கிறது, அதில் ஒன்றுக்கு நீங்கள் இரண்டு தர வேண்டும். ஏனென்றால் அந்த ஆட்டக்காரர் போன வருஷம் நன்றாக ஆடினார். பின்னாடி போட்டிருக்கிறது."

ஓஹியோ கணக்கர்:

ஒன்றுக்கு இரண்டு, சம்மதம். 37, 90, 208, 319 என்னிடம் இருக்கின்றன. திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன்.

குவீன்ஸ்காரன்:

58, 163, 252 நான் அனுப்புகிறேன், எனக்கு 71உம் 187உம் வேண்டும். தம்பி, 144 எனக்கும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இரண்டு இருந்தால் இங்கே சொல்லுங்கள்.